எண்பத்தொன்பதுக்கு அப்புறம்

வாயைத் திறக்கக் கூடாது. குக்கர் கத்தட்டும், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ சபதம் போட்டுத் திட்டட்டும், இவள் ஒரு விடையை எழுதி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது. தொண்ணூற்று மூன்றிலிருந்து முப்பத்தெட்டைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான், மூன்றாம் வகுப்புக் கணக்கு, இதற்குப் போய் என் உள்ளங்கை இப்படி வியர்க்கிறது. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் ரெனி உட்கார்ந்திருக்கிறாள், என் மகள், எட்டு வயசு முடியப்போகிறது, பென்சில் முனை காகிதத்தைத் தொட்டுவிடாமல் ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாள், தோசைக்கல்லுக்கு மேல் கையை நீட்டிச் சூடு பார்க்கிற மாதிரி. எழுதுடி. இல்லை, சொல்லக் கூடாது. மத்தியானம் அவளுடைய கிளாஸ் மிஸ் சுகந்தி போன் பண்ணினாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, தன்மையாகப் பேசினாள். "மேடம், தப்புத் தப்பா போட்டிருந்தாக்கூட நான் கையைப் பிடிச்சுத் திருத்திடுவேன். ரெனிட்டா டெஸ்ட்ல ஒண்ணுமே போடலை. பேரு, கிளாஸ், தேதி எல்லாம் முத்து முத்தா எழுதியிருக்கா, ஸ்கேல் வச்சு மார்ஜின் போட்டிருக்கா, கணக்கு நம்பரைக்கூட வட்டம் போட்டு வச்சிருக்கா. உள்ள ஒண்ணும் இல்ல." உள்ள ஒண்ணும் இல்ல. பேப்பரைத்தான் சொன்னாள். பேப்பரைத்தானே சொன்னாள்? நாளைக்குக் காலையில் பிரேயர் முடிந்ததும் மறுபடியும் உட்கார வைக்கிறாளாம், இதே மாதிரிக் கணக்குகள், அதுவும் வெறும் பேப்பராக வந்தால் மற்ற பிள்ளைகள் விளையாடப் போகிற பீரியடில் ரெனியை ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வைப்பார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஸ்லோ லேர்னர்ஸுக்குத்தான் அது, இவளுக்கும் ஒரு கவனிப்பு கிடைக்கும்." ஸ்லோ. அந்தச் சொல் அப்போதிருந்து கூடவே வருகிறது. அரிசி களைந்தால் ஸ்லோ, ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் ஸ்லோ, ஸ்கூல் வேனிலிருந்து அவள் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினாளே, அதைப் பார்க்கும்போதும் ஸ்லோ. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விடை. தப்பாகவே இருக்கட்டும். என்னைக் கேட்காமல், ஒவ்வொரு இலக்கத்துக்கும் நிமிர்ந்து 'சரியாம்மா' என்காமல், அவளாக ஒன்றை எழுதிவிட்டால் போதும். இன்றைக்கு வந்துவிட்டால் நாளைக்கும் வரும். தப்பாகவே இருக்கட்டும் என்று நான் நினைக்கிறேனே, நிஜமாகவா நினைக்கிறேன்?

சும்மா இருப்பது என்ன லேசான காரியமா. அதையும் எனக்கு ஒருத்திதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எங்கள் கான்வென்ட்டில் அடி கிடையாது, அட்மிஷனுக்கு வருகிற அப்பாக்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், எங்க பிள்ளைங்க மேல கை படாதுங்க என்று. எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் இம்மாகுலேட் கையே நீட்ட மாட்டார். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். கஞ்சி போட்ட வெள்ளைத் துணியின் வாசனையும் லேசாகத் தைல வாசனையும் முதலில் வரும், பிறகு சிவப்புப் பேனாவின் மூடி கழலுகிற டிக், அப்புறம் ஒன்றுமே வராது. "டேக் யுவர் டைம், சைல்ட்." அந்த டைமுக்குள் ஏழும் எட்டும் பதினைந்து என்பதுகூட மறந்துபோகும். எண்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஓடும், நான் பிடிக்கப் பிடிக்க ஓடும், அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், மூச்சுகூட விட மாட்டார், பேனா முனை மட்டும் என் தோளுக்கு மேலே காத்திருக்கும். இப்போது நான் காத்திருக்கிறேன். எனக்குப் பேனாகூடத் தேவைப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்கோ எதிரே ஒரு சிஸ்டர் இம்மாகுலேட் நைட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறது. பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு, எழுந்து போய்விடலாமா, போனால் எதற்குப் போனேன் என்று யோசிப்பாள். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம். அதை இன்னமும் சொல்கிறார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அப்பா காபிக்கு முன்னால் அதைத்தான் எடுத்து வைத்தார். அந்த மார்க் வந்த அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல் அடித்தது யாருக்கும் தெரியாது, சந்தோஷத்தில் உடம்புக்கு ஆகவில்லை என்றார்கள். நூறு வந்துவிட்டது, இனிமேல் கணக்கில் நான் எதைத் தொட்டாலும் அது நூறுக்குக் கீழேதான் இருக்கும், எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. பிளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடி எடுத்தேன். "வை, ஜெசிந்தா?" என்று சிஸ்டர் கேட்டார், முதல் தடவையாக நிஜமாகவே ஏதோ தெரிந்துகொள்ள விரும்புகிற முகம். இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கணும் சிஸ்டர், அதான் என்றேன். ஒரு சறுக்கலும் இல்லாமல் தப்பித்துவிட்டேன். அந்தச் சென்டம் இன்றைக்கும் கண்ணாடி அலமாரிக்குள் பீங்கான் பொம்மை மாதிரி அப்படியே இருக்கிறது, நான் கணக்குப் பக்கமே போகவில்லை. என் மகளும் இன்றைக்கு அதையேதான் செய்திருக்கிறாள், என்னைவிட ஏழெட்டு வருஷம் முன்னதாக. எழுதாத விடையை எவளாலும் தப்பென்று சொல்ல முடியாது. ஸ்லோவாம். இதில் அவளுக்கு இருக்கிற வேகம் அந்த சுகந்திக்கு எங்கே தெரியப்போகிறது.

தோளில் துண்டோடு என் வீட்டுக்காரர் ஜெரால்டு வருகிறார், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வந்தவர் குளிக்கப் போகாமல் முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டு நிற்கிறார். "என்ன இது, பெரிய வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கே, ஆத்தாளும் மகளும் இப்பவே மவுன விரதமா?" நான் கண்ணால் போங்கள் என்கிறேன். போக மாட்டார். "ஜெசி, விடு. நான் டென்த்ல கணக்குல முப்பத்தஞ்சு. திருத்துன மனுஷன் நல்லவன், முப்பத்தொண்ணைத் தூக்கி விட்டிருப்பான். அதுக்காக பொன்மலையில வேகன் ஓடாம நிக்குதா?" முறுக்கு கடிபடுகிற சத்தம். "உங்கம்மா சென்டம்டி குட்டி. சென்டம் வாங்கி என்ன பண்ணாங்க? முப்பத்தஞ்சுக்குக் கழுத்த நீட்டினாங்க." ரெனி சிரித்துவிட்டாள். பாதிச் சிரிப்பில் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், மீதிச் சிரிப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள், கொடியில் காய்கிற துணியை மழைக்கு முன்னால் வெடுக்கென்று உருவுகிற மாதிரி. என் முகத்தில் என்ன இருந்தது? நான் ஒன்றும் செய்யவில்லையே. இவர் இருக்கும்போது இவள் வேறு பிள்ளை. கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தரையில் பாய் விரித்து இவரும் இவர் தம்பி வில்லியமும் ரம்மி ஆடினார்கள், ரெனிதான் பாயிண்ட் கூட்டிச் சொல்கிறவள், எண்பதைத் தாண்டினால் ஆள் அவுட். "எம்பத்தாறு சித்தப்பா, அவுட்டு!" "ஏய், நல்லாக் கூட்டு, எழுபத்தாறுதான் வருது." அவள் சீட்டுகளை இன்னொரு தரம் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள், "அய்யோ, ஆமா, பத்து கூடப் போச்சு, தப்பிச்சிட்டீங்க போங்க!" என்றாள். தப்பு பண்ணிவிட்டுச் சிரிக்கிறாள். கேக் தட்டோடு கதவுக்குப் பின்னாலேயே நான் நின்றுவிட்டேன், யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன், நல்ல பிள்ளை, சூட்டிகையான பிள்ளை. நான் தட்டோடு உள்ளே போனதும் பாயிண்ட்டை அப்பாவிடம் தள்ளிவிட்டு, "நீயே கூட்டுப்பா" என்று என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். என்ன பாசம் பாருங்க அம்மா மேல என்றார் வில்லியம். ஜெரால்டு இப்போது குளிக்கப் போய்விட்டார். தண்ணீர் விழுகிற சத்தம், ஏதோ பாட்டு, சுருதியே இல்லை, சுருதி இல்லை என்பது அவருக்குத் தெரியும், அதனாலேயே சத்தமாகப் பாடுகிறார். எப்படி இந்த மனிதரால் முடிகிறது.

நான் அடித்ததில்லை. இதை யாரிடம் சொல்கிறேன், தெரியாது, ஆனால் அடித்ததே இல்லை. மக்கு என்று ஒரு நாள் சொன்னதில்லை. போன வருஷம் ஒரு சாயங்காலம், பிளாட் பிள்ளைகளெல்லாம் கீழே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள், ரெனி தூணில் முகத்தைப் புதைத்து எண்ணுகிறாள், தமிழில், வேகமாக, நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறேன். நூறு வரைக்கும் எண்ண வேண்டும். எண்பத்தியெட்டு, எண்பத்தியொன்பது, தொண்ணூறு, கண்ணைத் திறந்துவிட்டாள். கள்ளாட்டம் கள்ளாட்டம் என்று நாலு பக்கமிருந்தும் கத்தல். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நூறு வந்துடுச்சே! தொண்-நூறு! காது கேக்கலையா?" சண்டை முற்றி மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தாள், முகமெல்லாம் வியர்வை, கண் இரண்டும் பளபளவென்று. "அம்மா, அம்மா, இங்க பாரேன். இருபது, முப்பது, நாப்பது, அம்பது, அறுபது, எழுபது, எம்பது, எல்லாத்துக்கும் வால்ல ஒரு பது இருக்கு. அப்புறம் திடீர்னு நூறுங்குது. தொண்ணூறு. அதோட பது எங்கம்மா போச்சு? எனக்குத் தெரியும்! ஒன்-பதுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிச்சு! அது சின்ன நம்பர்தானே, அதுக்கெதுக்கும்மா பது?" நான் தமிழில் எண்ணினால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடத்தில் படித்தவள். எண்ணுவதெல்லாம் எனக்கு இங்கிலீஷில், பயப்படுவது மட்டும் தமிழில். இந்த வயசு வரைக்கும் தொண்ணூறுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருப்பது என் காதில் விழுந்ததில்லை. ஜெரால்டு செய்தித்தாளை அப்படியே போட்டுவிட்டு, "அட, ஆமால்ல!" என்றார். வாயைத் திறந்துகொண்டு, ஏழு வயசுப் பிள்ளையைப் பார்த்து, அட ஆமால்ல. விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார், எழுபது, எம்பது, அட ஆமால்ல. எனக்கு மறுநாள் டெஸ்ட் ஞாபகம். "சரி, தொண்ணூத்தியெட்டு எழுது பாப்போம்" என்றேன். அவள் கர்வத்தோடு, நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு, பெரிசாக எழுதிக் காட்டினாள், ஒன்று, சைபர், எட்டு. "நூத்தியெட்டு மாதிரிதான்மா இதுவும். முன்னாடி தொண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு." நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ப்ச்" என்றேன். அது ஒரு வார்த்தையா? எந்த அகராதியில் இருக்கிறது? நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம், பால் பொங்கி வழிந்தால் வருகிறது, மின்சாரம் போனால் வருகிறது, யாரையும் குறித்து வருவதில்லை. ரெனியின் துருத்தின நாக்கு உள்ளே போனது. தாளைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், பிறகு என் முகம் முழுவதையும் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள், புதிதாகக் கொடுத்த பாடத்தைப் படிக்கிற மாதிரி. அதற்கப்புறம் பது எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை, சரியாம்மா ஒன்றைத் தவிர. ஒரு ப்ச்சுக்கா? ஒரு ப்ச் இவ்வளவு தூரம் போகுமா? ஒன்றுதானா, அதற்கப்புறம் எத்தனை, நான் எங்கே எண்ணினேன்.

பென்சில் அசைகிறது. மேலே ஒன்பதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள், அதன் தலையில் எட்டு, அழகான எட்டு, மூன்றுக்கு முன்னால் குட்டியாக ஒரு ஒன்று. வருகிறது, வருகிறது, மாதாவே. பதிமூன்றில் எட்டு போனால், எழுதுடி செல்லம், மேசைக்கு அடியில் என் கால் விரல்களெல்லாம் மடங்கிக் கிடக்கின்றன. அவள் உதடு முணுமுணுக்கிறது. "ஃபோர்..." நிமிர்ந்தாள். நான் அசையவில்லை. "ஃபைவ்..." நிமிர்ந்தாள். ஃபைவ் என்று எழுதினாள். எனக்கு நெஞ்சு அப்படியே லேசாகிவிட்டது, போட்டுவிட்டாள், நான் ஒரு வார்த்தை பேசாமல் என் மகள் போட்டுவிட்டாள். "சிக்ஸ்..." நிமிர்ந்தாள். பென்சில் இறங்கவில்லை. கண் என் புருவத்தில் ஒரு நொடி, வாயோரத்தில் ஒரு நொடி, கழுத்தில் ஒரு நொடி. "ஃபை..." இழுக்கிறாள், இழுத்துக்கொண்டே பார்க்கிறாள், கிணற்றுக்குள் வாளியை விட்டுவிட்டுத் தண்ணீரில் தட்டுகிறதா என்று கையால் உணர்ந்து பார்ப்பார்களே, அப்படி. "ஃபைவ்." தட்டிவிட்டது. எழுதினாள். ஃபிஃப்டி ஃபைவ். ஐம்பத்தைந்து. சரியான விடை. எட்டில் மூன்று போனால் என்ன என்று அவள் பார்க்கவே இல்லை, அந்த எட்டின் பக்கம் கண் போகவே இல்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்துதான் அந்த ஐந்தை எடுத்தாள், இரண்டு ஐந்தையும். எத்தனை நாளாக? தமிழ் டிக்டேஷன், டேபிள்ஸ், கழித்தல், வீட்டில் போட்ட எல்லாவற்றுக்கும் நான் ஸ்டார் வரைந்தேனே, ஒன்றுகூடத் தப்பில்லை என்று சுகந்தி மிஸ்ஸிடம் மார்தட்டினேனே, வீட்டில் எல்லாம் கரெக்ட்டாகப் போடுறா மேடம், ஸ்கூலில்தான் ஏதோ. ஸ்கூலில் நான் இல்லை. ஸ்கூலில் என் முகம் இல்லை, அதனால் அவளுக்கு அங்கே பாடப்புத்தகமே இல்லை. பேரும் தேதியும் எழுதிவிட்டு ஒரு மணி நேரம் யார் முகத்தைத் தேடினாளோ. ஸ்லோவா இவள்? என் கண் இமைக்குள் நடப்பதைப் படிக்கிறாள், எனக்கே தெரியாததைப் படிக்கிறாள், இவ்வளவு புத்தியையும் இந்த ஒரு முகத்தில் கொட்டி முடித்துவிட்டாளே.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஃப்ரிட்ஜைப் பார்த்து உட்கார்ந்தேன், முதுகு அவளுக்கு. "அடுத்ததைப் போடு ரெனி" என்றேன், குரலில்கூட எதுவும் தெரிந்துவிடாமல், அறிவிப்பு வாசிக்கிறவள் மாதிரி. ஃப்ரிட்ஜ் கதவில் மங்கலாக ஒரு பெண், முகம் இல்லை. "அம்மா, இந்தப் பக்கம் திரும்பேன்." "நீ போடு, நான் பாக்கலை." "நீ பாக்காட்டி எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" அடம் இல்லை, சிணுங்கல் இல்லை, லைட்டைப் போட்டால்தானே தெரியும் என்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்கிறாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன், அவளுக்குக் காட்டக் கூடாது, இதை மட்டும் காட்டக் கூடாது. நாற்காலி நகர்கிறது. வெறுங்கால் சத்தம் மேசையைச் சுற்றி வருகிறது. பென்சில் வாசனையடிக்கிற விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கின்றன, முதலில் விளையாட்டு என்று நினைத்து, மூக்கால் சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல். "அம்மா, அழுறியா? அம்பத்தஞ்சு இல்லையா?" இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டாள். அழவில்லை என்று தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று பலமாக ஆட்டினேன். அவள் முகம் மாறியது. ஐயோ, நான் தலையாட்டினது அம்பத்தஞ்சுக்கு இல்லை, விடை சரிதான்டி என்று சொல்ல வேண்டும், சொன்னால் அதுவும் என் வாயிலிருந்து வருகிற சரி, சொல்லாவிட்டால், நான் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன், அவள் மேசைக்கு ஓடிவிட்டாள். வரக் வரக்கென்று ரப்பர் தேய்கிற சத்தம், மேசை ஆடுகிற அளவுக்குத் தேய்க்கிறாள், உள்ளே குளியலறையில் ஜெரால்டு இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார். "இரும்மா, இரு," என்கிறாள், தூளை வாயால் ஊதிவிட்டு, "அழாதம்மா, அழிச்சிட்டேன் பாரு."